குளோண்டைக் தங்க வேட்டை

வெண்பனி மூடிய செங்குத்தான மலைச்சரிவு. அதன் அடிவாரத்திலிருந்து உச்சிவரை எறும்புச் சாரைபோல் ஒரு கருங்கோடு. உற்றுப் பார்த்தால்தான் அந்தக் கோடு முழுவதும் மனிதர்கள் என்பது தெரியும். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு மூட்டை. முன்னே செல்பவர் கால் வைத்த படியிலேயே பின்னே வருபவரும் கால் வைத்து ஏறுகிறார். எரிக் ஹெக் என்ற நிழற்படக் கலைஞர் 1898ஆம் ஆண்டில் சில்கூட் கணவாயில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் இந்தக் காட்சியை இன்றும் காணலாம்.

அவர்கள் தேடிச் சென்றது தங்கம். கனடாவின் வடமேற்குக் கோடியில், யூக்கான் பகுதியில் ஓடும் குளோண்டைக் ஆற்றை நோக்கி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒரு செய்தி தெரியாது. அவர்கள் மூட்டை கட்டத் தொடங்குவதற்கு முன்பே, தங்கம் மிகுந்த ஓடைக்கரைகள் முழுவதும் வேறு சிலரின் பெயரில் பதிவாகிவிட்டன.

ஓடையில் மின்னிய மஞ்சள்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், குளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடையின் கரையில் நால்வர் கொண்ட குழு தங்கத்தைக் கண்டது. ஜார்ஜ் கார்மாக் என்ற அமெரிக்கர், அவர் மனைவி கேட், கேட்டின் அண்ணன் தம்பி உறவில் ஒருவரான ஸ்கூக்கம் ஜிம், உறவினரான டாசன் சார்லி ஆகியோரே அவர்கள். கார்மாக்கைத் தவிர மற்ற மூவரும் டாகிஷ் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர்கள். தங்கத்தை முதலில் கண்டவர் யார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தாமே கண்டதாகக் கார்மாக் கூறினார். ஜிம்தான் கண்டார் என்பது டாகிஷ் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

ஒருவர் தமக்கென அடையாளமிட்டு, அரசு அலுவலரிடம் பதிந்துகொள்ளும் சுரங்கத் துண்டு ஏறத்தாழ 150 மீட்டர் நீளம் இருக்கும். ஓர் ஓடையில் ஒருவருக்கு ஒரு துண்டுதான். முதன்முதலில் தங்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் இரண்டு. பூர்வகுடி மனிதர் ஒருவரைக் கண்டுபிடித்தவராக அலுவலர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லி, அந்த இரண்டாவது துண்டைக் கார்மாக் தம் பெயரிலேயே பதிந்துகொண்டார். கேட்டின் பெயரில் எதுவும் பதியப்படவில்லை.

இந்தக் கதையில் ராபர்ட் ஹெண்டர்சன் என்பவருக்கும் ஓர் இடம் உண்டு. அப்பகுதியில் தங்கம் இருக்கக்கூடும் என்று கார்மாக்கிடம் சொன்னவரே அவர்தான். ஆனால், ஜிம்மையும் சார்லியையும் அவர் மதிக்கவில்லை. அவர்கள் விலைக்குக் கேட்ட புகையிலையைக்கூடக் கொடுக்க மறுத்தார். அந்த அவமதிப்பை அவர்கள் மறக்கவில்லை. தங்கம் கிடைத்தபோது, மலைமுகட்டுக்கு அப்பால் வேறோர் ஓடையில் தோண்டிக்கொண்டிருந்த ஹெண்டர்சனுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. அவர் செய்தி அறிந்தபோது நல்ல இடங்கள் எல்லாம் கைமாறியிருந்தன. கனடா அரசு பின்னர் அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. பல லட்சம் டாலர் மதிப்புள்ள மண்ணை ஒரு பிடிப் புகையிலையால் இழந்தவர் அவர்.

அந்தச் சிற்றோடை 'பொனான்சா' என்று புதுப்பெயர் பெற்றது. பெருஞ்செல்வம் என்பது அதன் பொருள். அதனுடன் கலக்கும் 'எல்டொராடோ' ஓடை அதைவிட வளமானது என்பது விரைவில் தெரியவந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் ஏற்கெனவே தங்கம் தேடிக்கொண்டிருந்தவர்கள் படகேறி விரைந்து வந்தார்கள். சில மாதங்களுக்குள் இரண்டு ஓடைகளின் கரைகளும் அடையாளக் கழிகளால் நிறைந்துவிட்டன. அதற்குள் ஆறு உறைந்துபோனது. கப்பல் வராது, தந்தி வசதியும் இல்லை. வெளியுலகம் ஏறத்தாழ 11 மாதங்கள் எதையும் அறியாமல் இருந்தது.

1897ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், 'போர்ட்லண்டு' என்ற கப்பல் அமெரிக்காவின் சியாட்டல் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் பெட்டிகளிலும் சாக்குகளிலும் தங்கத்தைச் சுமந்து வந்தார்கள். கப்பலில் ஒரு டன்னுக்கும் அதிகமான தங்கம் இருப்பதாக நாளேடுகள் எழுதின. அப்போது அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் தவித்துக்கொண்டிருந்தது. 1893ஆம் ஆண்டு தொடங்கிய நெருக்கடியில் வங்கிகள் மூடப்பட்டு, பல லட்சம் பேர் வேலையை இழந்திருந்தார்கள். அத்தகைய காலத்தில் வந்த இந்தச் செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. கடைக்காரர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வேலையை உதறினார்கள். சியாட்டல் நகரத் தந்தையே பதவியைத் துறந்துவிட்டு வடக்கே கிளம்பினார் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு டன் சுமை

கடல் வழியாகவே சென்று, பிறகு யூக்கான் ஆற்றில் நீராவிக் கப்பலில் போகலாம். அது பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான வழி. மற்றவர்கள் அலாஸ்காவின் தென்கரையில் இறங்கி மலையைக் கடக்க வேண்டும். டையா என்ற ஊரிலிருந்து சில்கூட் கணவாய் வழியாகச் செல்வது ஒரு பாதை. ஸ்காக்வே என்ற ஊரிலிருந்து வெள்ளைக் கணவாய் வழியாகச் செல்வது இன்னொன்று.

ஸ்காக்வேயில் இறங்கியவர்களை முதலில் வரவேற்றவர்கள் ஏமாற்றுக்காரர்கள். 'சோப்பி' ஸ்மித் என்பவனின் கும்பல் அங்கே ஒரு தந்தி நிலையத்தை நடத்தியது. நலமாக வந்து சேர்ந்தோம் என்று வீட்டுக்குத் தந்தி கொடுக்கப் பலர் பணம் கட்டினார்கள். அந்த ஊருக்கு அப்போது தந்திக் கம்பியே வரவில்லை! நிலையத்துச் சுவரிலிருந்து புறப்பட்ட கம்பி சற்றுத் தொலைவிலேயே முடிந்துபோனது.

1897ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குளோண்டைக் பகுதியில் உணவுப் பஞ்சம் தலைகாட்டியது. அதனால் கனடாவின் குதிரைக் காவல் படையினர் ஒரு கட்டுப்பாடு விதித்தார்கள். ஓராண்டுக்குப் போதுமான உணவு இல்லாதவர் எல்லையைக் கடக்க முடியாது. கணவாயின் உச்சியிலேயே அவர்கள் கொடியை நட்டு, ஒவ்வொருவரின் மூட்டையையும் சோதித்தார்கள். ஏறத்தாழ 180 கிலோ கோதுமை மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, உலர்ந்த அவரை விதை, சர்க்கரை, தேயிலை எனப் பட்டியல் நீளும். இவற்றுடன் கூடாரம், அடுப்பு, கோடரி, ரம்பம், ஆணி, மண்வெட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் ஒருவரின் உடைமைகள் ஒரு டன்னை, அதாவது ஏறத்தாழ 900 கிலோவை எட்டிவிடும்.

டையாவிலிருந்து மலைக்கு அப்பால் உள்ள பென்னட் ஏரிவரை 53 கிலோமீட்டர். ஒருவர் ஒரு தடவைக்கு 30 கிலோ சுமப்பதாக வைத்துக்கொள்வோம். 900 கிலோவைக் கொண்டுசேர்க்க அவர் 30 தடவை முன்னோக்கி நடக்க வேண்டும். அடுத்த மூட்டையை எடுக்க 29 தடவை வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல்! சமதரையில் சிலர் பனிச்சறுக்கு வண்டியைப் பயன்படுத்திச் சுமையைக் குறைத்துக்கொண்டார்கள். வசதி படைத்தவர்கள், அந்தக் கணவாயைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்த டிலிங்கிட் பூர்வகுடியினரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். எஞ்சியவர்களுக்குத் தங்கள் முதுகே துணை.

பாதையின் கடைசி ஏற்றம்தான் ஹெக்கின் படங்களில் உள்ளது. பனியில் வெட்டப்பட்ட ஏறத்தாழ 1,500 படிகள். 'தங்கப் படிகள்' என்று அவற்றுக்குப் பெயர். வரிசையில் நின்று ஏறும்போது களைத்துப்போய் ஒருவர் சற்று ஒதுங்கினால், மீண்டும் வரிசையில் இடம் கிடைக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதனால் மூச்சு முட்டினாலும் நிற்காமல் ஏறினார்கள். மேலே மூட்டையை வைத்துவிட்டு, அமர்ந்தவாறே பனியில் சறுக்கிச் சில நிமிடங்களில் கீழே வந்துவிடுவார்கள். மீண்டும் வரிசை. மீண்டும் 1,500 படிகள்.

1898ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் அந்த மலையில் பனி சரிந்தது. பல நாள் பெய்த புதுப்பனி நிலையற்றுக் கிடப்பதை அறிந்த பூர்வகுடிச் சுமையாளர்கள் அன்று மலையேற மறுத்துவிட்டார்கள். அவசரப்பட்டவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் பனிக்குள் புதைந்து இறந்தார்கள். உடல்களைத் தோண்டியெடுத்த பிறகு வரிசை மறுபடியும் நகரத் தொடங்கியது.

வெள்ளைக் கணவாயின் பாதை அவ்வளவு செங்குத்தானதன்று. எனவே, அங்கே குதிரைகளின்மேல் சுமை ஏற்றினார்கள். மலைப்பாதையில் பழகாத கிழட்டுக் குதிரைகளைக் கண்டபடி விற்றார்கள். குதிரையைப் பராமரிக்கத் தெரியாதவர்கள் அவற்றை வாங்கினார்கள். சேற்றிலும் பாறை இடுக்கிலும் கால் முறிந்து, பட்டினியால் வாடி ஏறத்தாழ 3,000 குதிரைகள் அங்கே மடிந்தன. 'செத்த குதிரைத் தடம்' என்ற பெயர் அப்பாதைக்கு நிலைத்துவிட்டது. தங்க வேட்டையில் ஆசைப்படாமலேயே துன்பப்பட்டவை அந்த வாயில்லா உயிர்கள்.

உறைந்த ஏரியும் ஓடும் ஆறும்

பென்னட் ஏரிக்கரையில் ஆயிரக்கணக்கான கூடாரங்கள் முளைத்தன. பனி உருகும்வரை காத்திருந்தவர்கள் அருகிலிருந்த மரங்களை வெட்டிப் படகு கட்டினார்கள். ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று பெரிய ரம்பத்தை இழுத்துப் பலகை அறுக்க வேண்டும். மேலே நிற்பவர் தாம் மட்டுமே உழைப்பதாக நினைப்பார். கீழே நிற்பவரின் கண்ணில் மரத்தூள் கொட்டும். மலையை ஒன்றாகக் கடந்த நண்பர்கள் பலர் இங்கேதான் சண்டையிட்டுப் பிரிந்தார்கள்.

மே மாதக் கடைசியில் ஏரி உடைந்தது. காவல் படையினரின் கணக்குப்படி 7,124 படகுகள் டாசன் நகரை நோக்கி மிதந்தன. இனி ஆறே கொண்டுசேர்த்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு மைல்ஸ் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சுழல்களும், அதற்கப்பால் வெள்ளைக்குதிரை விரைவோட்டமும் காத்திருந்தன. முதல் சில நாள்களிலேயே பல படகுகள் சிதறி, உயிர்களும் போயின. காவல் படை அதிகாரி சாம் ஸ்டீல் விரைந்து வந்து, தேர்ந்த படகோட்டி இல்லாமல் எந்தப் படகும் செல்லக்கூடாது என்றும், பெண்களும் குழந்தைகளும் கரை வழியாக நடந்தே கடக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். அதன் பிறகு விபத்துகள் பெரிதும் குறைந்தன.

நகரம் இருந்தது, நிலம் இல்லை

யூக்கான் ஆறும் குளோண்டைக் ஆறும் கூடும் இடத்தில் சேற்றுநிலத்தில் எழுந்த நகரம் டாசன். 1898ஆம் ஆண்டுக் கோடையில் அங்கும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 30,000 பேர் நிறைந்திருந்தார்கள். கடைகளில் தங்கத் துகளே பணம். ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறு தராசு இருக்கும். உணவு அரிதான நாள்களில் ஒரு கோழிமுட்டையின் விலை ஒரு டாலர்வரை உயர்ந்தது. அமெரிக்காவில் சாதாரணக் கூலித் தொழிலாளி நாள் முழுவதும் உழைத்தாலும் இரண்டு டாலர்கூடக் கிடைக்காத காலம் அது.

மலையேறி, படகு கட்டி, ஏறத்தாழ ஓராண்டுப் பயணத்திற்குப் பிறகு அங்கே வந்திறங்கியவர்களுக்கு அப்போதுதான் உண்மை தெரிந்தது. அடையாளமிட நல்ல இடம் ஏதும் மிச்சமில்லை. சிலர் மற்றவர்களின் சுரங்கங்களில் கூலிக்குச் சேர்ந்தார்கள். சிலர் தொலைதூர ஓடைகளில் தேடிப் பார்த்தார்கள். வியப்பு என்னவென்றால், மண்வெட்டியைக் கையில் எடுக்காமலேயே திரும்பியவர்களும் பலர். சில வாரங்கள் நகரத் தெருக்களில் கும்பலாக அங்குமிங்கும் நடந்துவிட்டு, தாங்கள் சுமந்துவந்த மாவையும் கருவிகளையும் விற்று, கப்பல் கட்டணம் தேற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

நிலம் கிடைத்தவர்களின் வேலையும் எளிதன்று. அங்கே நிலத்தடி மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். வெப்பம் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் இறங்கும் குளிர்காலத்தில்தான் தோண்டும் வேலை நடக்கும். இரவில் குழிக்குள் விறகு மூட்டி எரிப்பார்கள். காலையில் இளகிய மண்ணை, ஏறத்தாழ ஒரு முழ ஆழத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும், தோண்டி வாளியில் மேலே அனுப்புவார்கள். மீண்டும் நெருப்பு. புகை கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும். அடிப்பாறையை எட்டும்வரை இதே வேலைதான். மேலே குவித்த மண் உடனே உறைந்துவிடும். அதில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதை அறிய வசந்தம்வரை பொறுக்க வேண்டும். ஓடையில் நீர் ஓடத் தொடங்கியதும், சரிவாக வைத்த நீண்ட மரத்தொட்டியில் மண்ணைப் போட்டு நீரைப் பாய்ச்சுவார்கள். மண் அடித்துச் செல்லப்படும். கனமான தங்கம் அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களில் தங்கும். ஒரு குளிர்காலம் முழுவதும் பட்ட பாட்டுக்கு விடை அந்தச் சில நாள்களில் கிடைக்கும்.

காய்கறியும் பழமும் இல்லாத உணவால் ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு வீங்கி, பல் ஆடி, கால்கள் வலுவிழந்தன. கோடையில் அசுத்த நீரால் டைபாய்டு காய்ச்சல் பரவியது. வில்லியம் ஜட்ஜ் என்ற பாதிரியார் டாசனில் மருத்துவமனை ஒன்றைக் கட்டி, பணமில்லாதவர்களையும் ஏற்றுக்கொண்டார். இரவு பகலாக நோயாளிகளைக் கவனித்த அவர் 1899ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

கிடைத்ததும் தங்கியதும்

வரலாற்றாசிரியர்களின் மதிப்பீட்டின்படி, கிளம்பிய ஒரு லட்சம் பேரில் டாசனை அடைந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர். அவர்களுள் தங்கம் கண்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். செல்வந்தர் ஆனவர்கள் சில நூறு பேரே.

கிளாரன்ஸ் பெர்ரி அவர்களுள் ஒருவர். கலிபோர்னியாவைச் சேர்ந்த பழத்தோட்டக்காரரான அவர், புதுமனைவி எத்தலுடன் 1896ஆம் ஆண்டிலேயே வடக்கே வந்துவிட்டார். வெளியுலகில் செய்தி வெடிப்பதற்கு முன்பே அவர் எல்டொராடோ ஓடையில் தோண்டியிருந்தார். விறகு நெருப்புக்குப் பதிலாக நீராவியைக் கொண்டு மண்ணை இளக்கும் முறையைத் தொடங்கிவைத்தவர் அவரே என்பர். ஈட்டியதை வீணாக்காமல் எண்ணெய்த் தொழிலில் முதலீடு செய்து, இறுதிவரை செல்வராகவே வாழ்ந்தார்.

சார்லி ஆண்டர்சனின் கதை வேறு. மதுமயக்கத்தில் இருந்த அவரிடம், யாரும் மதிக்காத ஒரு சுரங்கத் துண்டைச் சிலர் 800 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். விடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. வேறு வழியின்றித் தோண்டினார். அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கம் வந்தது! அவர் அந்தப் பணத்தைச் சான் பிரான்சிஸ்கோவில் கட்டடங்களாக மாற்றினார். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கம் அவற்றைத் தரைமட்டமாக்கியது. முதுமையில் அவர் ஒரு மர ஆலையில் தள்ளுவண்டி தள்ளிப் பிழைத்தார்.

தங்கத்தைத் தோண்டாமலேயே பொருள் ஈட்டியவர்களும் உண்டு. அயர்லாந்தில் பிறந்த பெலிண்டா முல்ரூனி என்ற இளம்பெண், துணிமணிகளையும் வெந்நீர்ப் பைகளையும் மலைக்கு அப்பால் கொண்டுசென்றார். டாசனில் இறங்கியதும் கையிலிருந்த கடைசிச் சில்லறைக் காசை ஆற்றில் வீசினார் என்று சொல்வர். இனிச் சில்லறை தேவைப்படாது என்ற நம்பிக்கை! குளிரில் நடுங்குபவருக்கு வெந்நீர்ப் பை எவ்வளவு தேவை என்பதை அவர் ஊகித்தது சரியாகவே இருந்தது. பன்மடங்கு இலாபம் கண்டு, உணவகமும் தங்கும் விடுதியும் நடத்தினார்.

சுவீடனிலிருந்து வந்த ஜான் நார்ட்ஸ்ட்ராம் ஈட்டிச் சென்றது 13,000 டாலர்தான். 1901ஆம் ஆண்டில் சியாட்டலில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து ஒரு காலணிக் கடை திறந்தார். அது பின்னர்ப் பெரும் வணிக நிறுவனமாக வளர்ந்தது. 21 வயதில் சென்ற ஜாக் லண்டன் ஸ்கர்வி நோயுடன், சில டாலர் பெறுமான தங்கத் துகளுடன் திரும்பினார். ஆனால், அந்தக் குளிர்காலத்தில் அவர் கண்டதும் கேட்டதும் அவருடைய கதைகளாயின. 1903ஆம் ஆண்டில் வெளிவந்த 'காட்டின் அழைப்பு' என்ற பொருளுடைய நாவல் அவரை உலகறியச் செய்தது.

1899ஆம் ஆண்டுக் கோடையில், அலாஸ்காவின் நோம் என்ற கடற்கரை மணலில் தங்கம் கிடைப்பதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒரே வாரத்தில் ஏறத்தாழ 8,000 பேர் டாசனைவிட்டு வெளியேறினார்கள். கடைத்தெருக்கள் வெறிச்சோடின. மலையைக் கடக்கும் இருப்புப்பாதை 1900ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்டபோது, அதில் ஏறி அவசரமாகச் செல்ல வேண்டியவர்கள் அதிகம் பேர் இல்லை.

அந்த நிலத்துக்கு உரியவர்கள்

குளோண்டைக் என்பதே திரிந்த பெயர்தான். அங்கு வாழ்ந்த டிரொண்டெக் ஹுவெச்சின் மக்கள் ஆற்றை 'டிரொண்டெக்' என்றழைத்தார்கள். சால்மன் மீன் பிடிக்க ஆற்றுக்குள் கழிகளை அறைந்து தடுப்புக் கட்டுவார்கள். கழிகளை அறையப் பயன்பட்ட கல்லிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. அதை உச்சரிக்க வராத வெளியார் வாயில் அது குளோண்டைக் ஆயிற்று.

ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த அவர்களின் மீன்பிடிக் குடியிருப்பு தங்கம் தேடி வந்தவர்களால் நிரம்பியது. காடு விறகாயிற்று, வேட்டை விலங்குகள் விலகிப்போயின. தலைவர் ஐசக் தம் மக்களை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துச் சென்றார். கேட் கார்மாக்கை அவர் கணவர் 1900ஆம் ஆண்டில் கைவிட்டார். தங்கத்தில் பங்கு கிடைக்காத அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பி, 1920ஆம் ஆண்டில் மறைந்தார். கனடாவின் சுரங்கத் துறைப் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் 2019ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அவருடன் சென்ற ஆண்களின் பெயர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இடம்பெற்றுவிட்டன.

புதியவர்களின் வெள்ளத்தில் தங்கள் பாடல்களும் ஆட்டங்களும் அழிந்துவிடும் என்று ஐசக் அஞ்சினார். அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் கற்றுக்கொடுத்து, காத்துவைக்கும்படி ஒப்படைத்தார். பல தலைமுறைகள் கடந்த பின், அவருடைய வழித்தோன்றல்கள் அங்கே சென்று அந்தப் பாடல்களைக் கேட்டுக் கற்றுத் திரும்பினார்கள். இன்று மூஸ்ஹைடு ஆற்றங்கரையில் மக்கள் கூடும் விழாக்களில் முரசொலியுடன் அவை மீண்டும் பாடப்படுகின்றன.